கடைசி வரிசையும் தெரிய வேண்டும்

ஸ்டூடியோ அக்கா யாரையும் சிரிக்க விட்டதில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதுதான் அவள் பிழைப்பு. பாஸ்போர்ட் படத்தில் பல் தெரிந்தால் அலுவலகத்தில் முகத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாயை மூடுங்க, காது ரெண்டும் தெரியட்டும், தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணைக் கொட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்த ஸ்டூடியோவில் ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, கண்ணாடியோரம் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சீப்பு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அம்மாவை வெள்ளைத் துணிக்குள் மூடி உட்காரவைத்து, மடியில் பிள்ளையை நிறுத்தி எடுப்பாள். படத்தில் பிள்ளை தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

முக்காலிக்கும் திரைக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அதனால் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. பின்னால் இருப்பது வெள்ளைத் துணி. அதை மாதத்துக்கு ஒரு முறை துவைத்துப் போட்டால் வேலை முடிந்தது.

முதலாளி தன் மகன் வீட்டோடு போய்த் தங்கிவிட்ட பிறகு ஸ்டூடியோ செல்போன் கடையாகிவிட்டது. அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர், "இத்தனை வருஷம் நின்னுட்டே இருந்தே, கொஞ்ச நாள் காலை நீட்டிப் படு" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் மனைவியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவளுக்கு ஓய்வு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை. துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தித் தாடையை இறக்கச் சொன்னாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் கொழுந்தனுக்குக் கை முறிந்த மாதிரி ஆயிற்று. வீட்டுக்காரருடைய தம்பி அவன். கல்யாணப் படம் எடுப்பதில் பெயர் வாங்கியவன். அவனுக்கு இரண்டாவது கேமரா பிடித்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கூட்டத்தோடு போய்விட்டான். அண்ணன் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவனிடம் அக்கா டீயை நீட்டினாள்.

"நான் வரேன் தம்பி."

டீ அவனுக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, "அண்ணி, அது வேற, இது வேற" என்றான்.

"கேமராதானே? அதுல என்ன வேற?"

என்ன வேறு என்பது முதல் கல்யாணத்திலேயே தெரிந்துவிட்டது. அன்று அவள் எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது கொழுந்தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை, பெண், மாமியார், மாமனார், பூக்கூடை பிடித்த குழந்தை வரை அத்தனை பேரும் நேராக நிமிர்ந்து, காது தெரிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"அண்ணி, மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. இது கல்யாணமா, இல்ல குடும்பத்தோட விசாவுக்கு எழுதிப் போட்டிருக்காங்களா?"

பாவம், அவன் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. வேலைக்கு வைத்த ஆளாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். அண்ணியாகப் போய்விட்டதால் ஒவ்வொரு திட்டுக்கும் முன்னால் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது. அக்காவுக்கும் அது சுருக்கென்றுதான் இருந்தது. நேற்று வரை பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் தன்னைத் திருத்துகிறானே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் அவளே போய், "சரி, சொல்லிக் குடு" என்று நின்றாள்.

அவன் வேறொரு லென்ஸைக் கொடுத்தான். "இதோட கண்ணை, வெளிச்சம் உள்ள போற ஓட்டையை, முழுசாத் திறந்து வெச்சுக்கோங்க. முன்னால இருக்கிறவங்க மட்டும் பளிச்சுனு இருப்பாங்க. பின்னால நாற்காலி, கூட்டம், ஃபேனு, எல்லாம் பால்ல விழுந்த மாதிரி கரைஞ்சிடும். அதுதான் இப்ப எல்லாரும் கேக்கறாங்க."

அவ்வளவுதான், அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொடியில் காய்கிற துணிக்கு முன்னால் வாளியை வைத்து எடுத்தாள். வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி எடுத்தாள், அவருக்குப் பின்னால் தெருவே கரைந்தது. இத்தனை வருஷமாகத் துவைத்துத் துவைத்துப் போட்ட வெள்ளைத் துணி இல்லாமலே ஒரு முகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறதே என்று பூரித்துப்போனாள். லென்ஸின் கண்ணைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று அவன் சொன்னபோது அவள் காது கொடுக்கவில்லை. பிடித்தது கிடைத்த பிறகு பிடிக்காததைப் பற்றி யார் கேட்பார்கள்?

இன்னொன்றும் அவன் சொல்லியிருந்தான். அதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னான். "முக்கியமான நேரத்துல நீங்க எங்க வேணும்னாலும் நில்லுங்க அண்ணி. என் படத்துக்குள்ள மட்டும் வந்துடாதீங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடற படத்துல உங்க முதுகு இருந்துச்சுன்னா, அப்புறம் நான் இந்தத் தொழில்ல முகத்தைக் காட்ட முடியாது."

அதன் பிறகு சில கல்யாணங்கள் நல்லபடியாக நடந்தன. அக்கா எடுத்ததில் ஒன்றிரண்டு ஆல்பத்திலும் ஏறின. பெண்கள் அலங்காரம் செய்கிற அறைக்குள் கொழுந்தன் போக முடியாது, அவள் போகலாம். அதற்காகவே அண்ணியை வேலைக்கு வைத்தது நல்லதுதான் என்று அவன் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான், மண்டபத்திலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடிக்கிற இந்தக் கல்யாணம் வந்தது.

பெண்ணின் அப்பா நெடுநெடுவென்று உயரம். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. காலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அண்ணியையும் கொழுந்தனையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"கடைசி வரிசையில, சுவரோரமா ஒருத்தி வந்து உட்காருவா. பொண்ணைப் பெத்தவ. கையெழுத்து முடிஞ்சதும் கிளம்பிடுவா. அவ மேடைக்கு வர மாட்டா, யார்கிட்டயும் பேச மாட்டா. அப்படித்தான் பேச்சு. எந்தப் படத்துலயும் அவ முகம் இருக்கக் கூடாது. நான் நடுவுல நடுவுல பார்ப்பேன். இருந்துச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் கேமராவை மடிச்சு வெச்சுட்டுக் கிளம்பலாம்."

கொழுந்தன், "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையை ஆட்டினான். அக்காவும் ஆட்டினாள். அடுத்தவன் வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்றுதான் அவளும் நினைத்தாள்.

அலங்கார அறையில் மணப்பெண் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை அலங்காரம் செய்தவள் ஊசி எடுக்க வெளியே போன நேரம் பார்த்து, சட்டென்று திரும்பி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

"அக்கா, ஒரு உதவி செய்வீங்களா? எங்க அம்மா இன்னைக்கு வராங்க."

"தெரியும்மா. அப்பா சொன்னார்."

"அப்ப எடுக்கக் கூடாதுன்னும் சொல்லியிருப்பார்." அவள் குரல் இறங்கியது. "எனக்கு விவரம் தெரியாத வயசுல அம்மா வீட்டை விட்டுப் போனாங்க. ஏன் போனாங்கன்னு ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்றாங்க, நான் கேட்டுச் சலிச்சுட்டேன். வீட்டுல இருந்த படத்தை எல்லாம் அப்பா தூக்கிப் போட்டுட்டார். நானும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லைக்கா. இன்னைக்கு எங்கிட்ட வர மாட்டேன்னு அப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டுத்தான் வராங்க. வாக்கை மீற மாட்டாங்க. சாயந்திரமே ஊருக்குக் கிளம்பறாங்க."

"பக்கத்துல வராம எப்படிம்மா படம் எடுக்கறது?"

"பக்கத்துல வேண்டாம். நான் எங்கயோ இருக்கேன், அவங்க எங்கயோ இருக்காங்க. ஒரே படத்துக்குள்ள இருந்தாப் போதும். என் கல்யாணத்துல அவங்க முகம் தெரியணும். அவ்வளவுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கொழுந்தனைக் கேட்டிருக்கலாம். "பார்க்கறேன்" என்றாவது மழுப்பியிருக்கலாம். அந்தச் சில்லிட்ட கை விட மாட்டேன் என்று பிடித்திருந்ததில் அவள் மனது இளகிவிட்டது.

"எடுத்துத் தரேன். நீ அழுது கண் மையைக் கெடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் கொழுந்தனின் வேலை போகும். கொழுந்தனுக்குத் தெரிந்தால் இவள் வேலை போகும். எடுக்காமல் விட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறாள், அன்றைக்குத்தான் அது எப்படி நெளியும் என்று தெரிந்தது.

விருந்தாளிகள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஓர் அம்மாள் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தாள். கருநீல உடுப்பு, கையில் ஒரு சின்னப் பை. யாரையும் பார்க்காமல் கடைசி வரிசையில் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சாயவில்லை. எழுந்துவிடச் சொல்வார்கள் என்று பயந்தவள் போல நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாய்ப்பு தானாக வந்தது. மணப்பெண் பின்பக்கக் கதவிலிருந்து நுழைந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே மேடைக்கு நடந்து போக வேண்டும். நுழைகிற இடத்தில் கடைசி வரிசை அவளுக்குப் பின்னால் இருக்கும். அக்கா நடைபாதையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். பெண் ஓரடி எடுத்து வைத்தாள், இன்னோரடி. படத்தின் சட்டத்துக்குள் இடது பக்கம் பெண், வலது ஓரத்தில் கருநீலம். அக்கா அமுக்கினாள். திரும்பத் திரும்ப அமுக்கினாள். கேமராவின் சின்னத் திரையில் நகத்தளவில் பார்த்தபோது பெண் இருந்தாள், கருநீலமும் இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது அவளுக்கு. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நடுக்கம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மேடையில் வரவேற்புப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா அவளருகே வந்து நின்றார்.

"காட்டுங்க."

அக்கா கேமராவை நீட்டினாள். கேமராவின் வாரைச் சரி செய்வதுபோல விரல்களை அதில் சுற்றிக்கொண்டாள். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். பெண் நடந்து வருகிற படம் வந்ததும் கட்டைவிரல் நின்றது. அவர் கண்கள் வலது ஓரத்துக்குப் போயின. பட்டனை அமுக்கி அந்த ஓரத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

திரை முழுக்கக் கருநீலம். அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உருண்டை வெளிச்சம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. நனைந்த தாளில் மை இறங்கின மாதிரி ஒரு கறை.

"இது யாரு?"

"தெ... தெரியலைங்க. பின்னால எல்லாம் கரைஞ்சிடும்ங்க இந்த லென்ஸ்ல."

அவர் முகம் அன்றைக்கு முதன்முறையாகத் தளர்ந்தது. "நல்லா இருக்கு. இப்படியே எடுங்க" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அங்கேயே தூணில் சாய்ந்துகொண்டாள். தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவதா, எடுத்ததெல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். அத்தனையிலும் அதே கறைதான். வாளிக்குப் பின்னால் துணி கரைந்தபோது கை தட்டினாளே, இன்றைக்கு ஒரு பெண்ணின் அம்மாவையே கரைத்துவிட்டாள். முட்டாள், முட்டாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு முழத்துக்குள் வாழ்ந்தவளுக்கு, மண்டபத்தின் இரண்டு முனையில் இருக்கிற இரண்டு முகங்களைப் பற்றி யோசிக்க எங்கே தெரிந்தது?

இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் அந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள்.

கொழுந்தன் மேடைக்குக் கீழே நின்று பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். அக்கா அவன் காதருகே போனாள்.

"தம்பி, கிட்ட ஒருத்தர், தூரத்துல ஒருத்தர். ரெண்டு பேர் முகமும் தெளிவா வேணும்னா என்ன செய்யணும்?"

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

"நேரம் பார்த்தீங்க பாருங்க!" என்று பல்லைக் கடித்தான். ஆனாலும் சொன்னான். "லென்ஸ் கண்ணை நல்லாச் சுருக்கணும். வெளிச்சம் குறையும், அதனால ஆடாமப் பிடிக்கணும். கேமராவுல தெரியற சின்னச் சதுரத்தைக் கிட்ட இருக்கிறவங்க மேலயும் வைக்கக் கூடாது, தூரத்துல இருக்கிறவங்க மேலயும் வைக்கக் கூடாது. நடுவுல யாராச்சும் நிப்பாங்கல்ல, அவங்க மேல வெச்சு அமுக்கணும். அப்பதான் முன்னாலயும் பின்னாலயும் தெளிவா விழும்." அவன் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான். "அண்ணி, ஏதாச்சும் வம்பு பண்றீங்களா?"

"என்னைப் பார்த்தா வம்பு பண்றவளாட்டமா இருக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் கையெழுத்துக்கு அழைத்தார்கள். மேடையில் மேசையைப் பக்கவாட்டில் போட்டிருந்தார்கள். கொழுந்தன் கீழே, மேசைக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டான். அங்கிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் அழகாக விழுவார்கள். ஆனால் கடைசி வரிசை அவன் முதுகுக்குப் பின்னால். பெண்ணையும் கடைசி வரிசையையும் ஒரே சட்டத்தில் பிடிக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது: மேடையின் பின் மூலை, பூ ஜாடிக்குப் பக்கத்தில். அங்கே போய் நின்றால் கொழுந்தனின் படத்துக்குள் இவள் நிற்பாள்.

அக்கா ஒரு கணம் அவன் முதுகைப் பார்த்தாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. பாவம், நல்ல பிள்ளை, நம்பி வைத்திருக்கிறான். பிறகு மேடைப் பக்கவாட்டுப் படியில் ஏறினாள்.

அப்பா சாட்சிக் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். முதல் வரிசையில் உட்காருவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் உட்காரவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில், பாதி வழியில் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாராவது மேடையை நோக்கி வந்தால் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அதற்காகத்தான் அங்கே நிற்கிறார் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது.

அக்கா ஜாடிக்குப் பக்கத்தில் ஒடுங்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். லென்ஸின் கண்ணைச் சுருக்கினாள். சட்டம் இருண்டது. வெளிச்சத்தைக் கூட்டுகிற எண்களைத் திருகினாள், இன்னும் திருகினாள். இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெண்ணின் பக்கவாட்டு முகம். வலது பக்கத்தில், மண்டபத்தின் கோடியில், சுவரோரத்தில் தலைகளுக்கு நடுவே கொஞ்சம் கருநீலம். முகம் தெரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரின் தலை மறைத்தது.

நடுவில் யாராவது நிற்பார்கள், அவர்கள் மேல் வையுங்கள் என்றான் கொழுந்தன். நடுவில் நின்றவர் ஒரே ஒருவர்தான்.

அக்கா அந்தச் சின்னச் சதுரத்தை நகர்த்தி அப்பாவின் முகத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் அவளைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார். மேடையில் இவளுக்கு என்ன வேலை என்று அந்தக் கண் கேட்டது. கீழே கொழுந்தன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "நகருங்க, நகருங்க" என்று இடது கையால் காற்றைத் தள்ளினான். அக்கா நகரவில்லை. காது இரண்டும் சுட்டது.

பெண் பேனாவைக் கையில் எடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தி, மண்டபத்தின் கோடியைப் பார்த்தாள். அந்தப் பார்வை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் அந்த அம்மாள் மெல்ல எழுந்து நின்றாள். முன்னால் ஓரடி வைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. மகள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க எழுந்து மட்டும் நின்றாள். இப்போது அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு அப்பா விருட்டென்று பின்னால் திரும்பினார். அக்காவுக்கு உயிரே போய்விட்டது. சத்தம் போடப் போகிறார், கல்யாணம் கலையப் போகிறது, எல்லாம் தன்னால் என்று நினைத்தாள். அவர் சத்தம் போடவில்லை. திரும்பிய இடத்திலேயே கொஞ்சம் நின்றார். பிறகு மெதுவாக மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பெண் குனிந்து பேனாவைத் தாளில் வைத்தாள்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

கைத்தட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் கடைசி வரிசை நாற்காலி காலியாகிவிட்டது. பக்கவாட்டுக் கதவு ஒருமுறை ஆடி நின்றது. கொழுந்தன் மேடையோரம் வந்து, ஊருக்குச் சிரித்த முகத்தைக் காட்டிக்கொண்டே பல்லிடுக்கில் பேசினான்.

"கையெழுத்துப் படம் எல்லாத்துலயும் நீங்கதான் நிக்கறீங்க அண்ணி. ஜாடியோட ஜாடியா. நல்லா இருங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"பேசிக்கலாம் தம்பி. என்ன வேணும்னாலும் திட்டு, வாங்கிக்கறேன்" என்றாள். அவள் கண் அவன் மேல் இல்லை. அவனுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அப்பா வந்துகொண்டிருந்தார்.

அவர் அவளைப் பரிசுப் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மடித்த நாற்காலிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. வெளியே பாட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கையை நீட்டினார். அக்கா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

அந்தப் படத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, அதுதான் கடைசிப் படம். அவர் முதலில் மகளைப் பெரிதாக்கினார். பேனாவும் விரலும் இமையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பிறகு வலது ஓரத்துக்குப் போனார். கருநீல உடுப்பு, கையில் பை, அதற்கு மேல் ஒரு முகம். இந்த முறை கறை இல்லை. கண் இருந்தது, உதடு இருந்தது, உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்ததுகூடத் தெரிந்தது.

"இதைத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"ஆமாங்க. சொன்னீங்க."

"பின்ன?"

"பொண்ணு வேணும்னு கேட்டுச்சுங்க."

"உங்களை வரச் சொன்னது நானா, அவளா?"

"நீங்கதான். நீங்க வேண்டாம்னா ஆல்பத்துல இது ஏறாது. ஆனா என் கையால அழிக்க மாட்டேங்க." அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, அவளுக்கே தெரியாது. "கையெழுத்து ஒரு தடவைதாங்க போடறாங்க. இன்னொரு தடவை போடச் சொல்லி எடுக்க முடியாது."

அழிக்கிற பட்டன் அவர் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. குப்பைத் தொட்டி படம் போட்டது, பச்சைப் பிள்ளைக்குக்கூட விளங்கும். விரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடுங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. அவ்வளவு உயரமான ஆளிடமிருந்து என்னத்தைப் பிடுங்குவது?

அவர் அமுக்கவில்லை. படத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். நடுப்பகுதி திரைக்கு வந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நெடுநெடுவென்று ஒருவர் நின்றார். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து பக்கத்தில் தொங்கின. அழுகையை அடக்கத் தெரியாமல் அடக்குகிற முகம். மொத்தப் படத்திலும் அந்த முகம்தான் எல்லாவற்றையும் விடத் துல்லியமாக விழுந்திருந்தது.

"இந்த ஆள் ஏன் இப்படி நிக்கறான்?" என்று அவர் கேட்டார். அவளிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா என்று சொல்ல முடியாது.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க மேல வெச்சுதான் எடுத்தேன். அப்படி வெச்சாத்தான் ரெண்டு பேரும் தெரிவாங்க."

வெளியே பாட்டு மாறியது. குடும்பப் படத்துக்குப் பெண்ணின் அப்பாவைக் காணோம் என்று யாரோ கூவினார்கள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. விரலைப் பட்டனிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"அவளுக்குக் குடுத்துடுங்க" என்றார். "ஆனா என்னை வெட்டிட்டுக் குடுங்க. அவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கட்டும். அதைத்தானே கேட்டா."

வெட்டுவது அக்காவுக்குக் கைவந்த வேலை. வாழ்க்கை முழுக்க முகங்களை அளந்து வெட்டியவள். அவர் சொன்னதும் யோசிக்காமல் கேமராவை வாங்கி, படத்தை முழுசாகத் திரைக்குக் கொண்டுவந்து, எங்கே கத்தி வைப்பது என்று பார்த்தாள். இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. வந்த வாடிக்கையாளருக்குத் தொழில்காரி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"முடியாதுங்க. இந்த ஓரத்துல பொண்ணு, அந்த ஓரத்துல அவங்க, நடுவுல நீங்க. உங்களை வெட்டினா அவங்க தனித்தனியா ரெண்டு படமாப் போயிடுவாங்க."

அவர் குனிந்து திரையில் அந்த மூன்று முகங்களையும் ஒருமுறை பார்த்தார். வெளியே மகளே, "அப்பா! அப்பா எங்க?" என்று கூப்பிடுவது கேட்டது. அவர் சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு கதவருகே போனார். கைப்பிடியில் கை வைத்துவிட்டுத் திரும்பாமலே பேசினார்.

"அப்படின்னா வெட்டாமலே குடுங்க." கைப்பிடியைத் திருகினார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"சரிங்க" என்றாள் அக்கா.